மகள் பெண்கள் பாடசாலையில் சிக்ஸ்த் ஃபோம் போகிறாள், என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி:

வணக்கம் ரீச்சர். நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகள் இவ்வளவு காலமும் ஆண், பெண் சேர்ந்து படிக்கும் பாடசாலையில் படித்தவள். செப்டெம்பரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் சிக்ஸ்த் ஃபோமுக்கு, அதாவது ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருடத்துக்கு, இடம் கிடைத்திருக்கிறது, பதினோராம் ஆண்டு ஜிசிஎஸ்இ சோதனைப் பெறுபேறு சரியாக வந்தால் போதும். எனக்குச் சந்தோசம். அவளுக்குத்தான் பயம். அங்கே எல்லோரும் பதினொரு வயதிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள், என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்கிறாள். அறிமுக நாளில் காட்டிய நேரசூசியில் நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது, அது ஏன்? அவளுடைய அப்பா மருத்துவத்தை நினைத்து நாலு பாடம் எடுக்கச் சொல்கிறார். அடுத்த வருடம் ஒக்டோபரில் அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றம் வைக்கவும் யோசித்திருக்கிறோம். நான் யாழ்ப்பாணத்தில் வேம்படி மகளிர் பாடசாலையில் உயர்தரம் படித்தவள், அந்த அனுபவம் இங்கே உதவுமா?

பதில்:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்றவற்றில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் உயர்தரம் படித்தது பாடத்துக்கு உதவும். ஆனால் இங்கே எது எப்போது நடக்கும் என்ற கணக்கை அதை வைத்துப் போடாதீர்கள். சிக்ஸ்த் ஃபோம் பொறுப்பில் இருக்கும் எனக்குத் தெரிய, ஏ லெவல் நாங்களும் எழுதினதுதானே என்று வரும் பெற்றோர்தான் முதல் வருடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஊரில் உயிரியல் பிரிவு, கணிதப் பிரிவு என்று ஒன்றைப் பிடித்தால் பாடங்கள் தாமாகவே வந்து சேரும். பிறகு ரியூசன், பெரிய சோதனை, பெறுபேறு, இஸட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, அதற்குப் பிறகுதான் கம்பஸ். சரிவராவிட்டால் மூன்று தரம் வரைக்கும் எழுதலாம். இங்கே விண்ணப்பம் முந்தி, சோதனை பிந்தி. பதின்மூன்றாம் ஆண்டு தொடங்கிய கையோடு யூகாஸ் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரம் பிள்ளையின் கையில் இருப்பது ஜிசிஎஸ்இ பெறுபேறும், இவள் இன்ன தரம் எடுப்பாள் என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் எதிர்பார்ப்புத் தரமும் மட்டுமே. அந்த எதிர்பார்ப்புத் தரத்தைப் பெரும்பாலும் பன்னிரண்டாம் ஆண்டு முடிவில், கோடையில் நடக்கும் பாடசாலைச் சோதனையை வைத்துத்தான் போடுகிறோம். ஆக, உண்மையான ஏ லெவல் சோதனை இரண்டு வருடம் முடிந்து மே, யூனில் மொத்தமாக வந்தாலும், அவளுடைய முதல் பெரிய சோதனை ஒன்பது, பத்து மாதத்துக்குள் வந்துவிடும். கடைசி ஆறு மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு படித்துப் பிடிக்கலாம் என்ற ஊர்க்கணக்கு இங்கே சரிவராமல் போவது இதனால்தான். மூத்த மச்சான், மச்சாள்மார் யாராவது பன்னிரண்டாம் ஆண்டில் ஏஎஸ் சோதனை எழுதி அந்தப் புள்ளியைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னால் அது பழைய கதை. இங்கிலாந்தில் 2015 இலிருந்து படிப்படியாக அது பிரிக்கப்பட்டுவிட்டது, ஏ லெவல் தரம் இப்போது கடைசிச் சோதனைகளில்தான்.

சரி, அந்த வெறுமையான இடங்கள். ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு நாலைந்து மணித்தியாலம்தான் வகுப்பு. மூன்று பாடம் என்றால் மிச்ச நேரம் நிறைய இருக்கும், சில நாள் காலையில் இரண்டு பாடம், பிறகு பின்னேரம் ஒன்று, நடுவில் ஒன்றுமே இல்லை. அதை ஸ்டடி பீரியட் என்போம். வகுப்பில் இருந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் குறைந்தது இன்னொரு மணித்தியாலம் பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்குத்தான் அந்த நேரம். ஆனால் யாரும் பின்னால் நின்று பார்க்க மாட்டார்கள். சிக்ஸ்த் ஃபோமில் உள்ள பெரிய மாற்றம் இதுதான், பாடம் கடினமாவதைவிட இதுதான் பிள்ளைகளை அதிகம் ஆட்டிப் பார்க்கிறது.

எங்கள் கொமன் ரூமில் பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் தெரியும். கெற்றில் கொதித்துக்கொண்டிருக்கும், மைக்ரோவேவில் யாரோ நூடில்ஸ் வைத்திருப்பார்கள், ஒருத்திக்குப் பிறந்தநாள், கேக் வெட்டிய பிளாஸ்ரிக் கத்தி மேசையில் கிடக்கும். சோபாவில் ஒரு பிள்ளை மடிக்கணினியைத் திறந்து, பக்கத்தில் கொப்பியையும் விரித்து, ஐந்து நிறப் பேனையையும் அடுக்கி வைத்திருப்பாள். மணி அடிக்கும்போது அதே பக்கம்தான் விரித்தபடி இருக்கும். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், உண்மையிலேயே படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் இருப்பாள். கதைப்பதற்கு கொமன் ரூம், படிப்பதற்கு நூலகமோ அமைதி அறையோ என்று முதல் கிழமையிலேயே பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு ஸ்டடி பீரியட்டைச் சினேகிதிகளோடு கழித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, புதுப் பிள்ளைக்கு அது தேவையும்கூட.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. நேரம் சும்மா கிடக்கிறதே என்று பார்த்து, வீட்டுக்கு வந்த பிறகு மூன்று பாடத்துக்கும் ரியூசன் போட்டு மாலை முழுவதையும் நிரப்பாதீர்கள். எல்லா நேரத்தையும் வேறு ஆட்கள் நடத்தினால், தானாக ஒரு மணித்தியாலத்தை எப்படிக் கையாள்வது என்று அவள் பழகவே மாட்டாள், பதினெட்டு வயதில் பல்கலைக்கழக விடுதி அறையில் தனியாக இருக்கும்போது அது தெரியவரும். ஒரு பாடம் உண்மையிலேயே பிடிபடவில்லை என்றால் முதலில் அந்தப் பாட ஆசிரியரிடம் போகட்டும். பெரும்பாலான பாடசாலைகளில் மதிய இடைவேளையிலோ பாடசாலை முடிந்தோ உதவி வகுப்பு இருக்கும், காசும் இல்லை. அதற்கும் பிறகு தேவைப்பட்டால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ரியூசன் யோசிக்கலாம்.

முதல் தவணை கசக்கும், அதை இப்போதே தெரிந்து வைத்திருங்கள். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஜிசிஎஸ்இயில் இலத்திரன்கள் 2, 8, 8 என்று ஓடுகளில் இருக்கும் என்று படித்து, ஆகக்கூடிய தரமான 9 எடுத்த பிள்ளைகள் வருவார்கள். முதல் சில கிழமைகளிலேயே அது எஸ், பி, டி ஓபிற்றல்களாக மாறிவிடும், மூல் கணக்கு நாலைந்து படியாக நீளும், 'ஏன்' என்று கேட்டால் மூன்று வரியில் சரியான சொல்லோடு எழுத வேண்டும். முதல் வகுப்புச் சோதனைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் அன்றைக்கு வகுப்பே அமைதியாகிவிடும். வாழ்க்கையில் 9 க்குக் கீழே பார்க்காத பிள்ளைக்கு டி வந்திருக்கும், உள்ளங்கையால் புள்ளியை மூடிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளையும் மூடிக்கொண்டுதான் இருப்பாள். ஒக்டோபர் கடைசியில் வரும் அரைத்தவணை விடுமுறைக்கு முன் வருகிற சி, டி எல்லாம் சாதாரணம். அதைக் கண்டு வீட்டில் இடி விழுந்த மாதிரி நடந்துகொண்டால் அடுத்த தாளை அவள் உங்களுக்குக் காட்ட மாட்டாள். எங்கே புள்ளி போனது என்று மட்டும் கேளுங்கள். கிறிஸ்மஸுக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் அப்போது ஆசிரியரோடு கதைக்க வேண்டும்.

இப்போது உங்கள் மகளின் பயம். நொன்சச், வலிங்டன், ரிஃபின் பெண்கள் பாடசாலை, ஹென்றியற்றா பாணெற் மாதிரியான பெண்கள் பாடசாலைகள் எல்லாம் பன்னிரண்டாம் ஆண்டுக்கு வெளியிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கின்றன, அவள் மட்டும் புதுப் பிள்ளையாக இருக்கப்போவதில்லை. அவளுக்குத் தெரியாத இன்னொன்று, அந்தப் பழைய கூட்டமும் அந்தக் கோடையில் குலைந்துபோகும். சிலர் கொலேஜுக்குப் போவார்கள், சிலர் சிக்ஸ்த் ஃபோமில் மட்டும் பெண்பிள்ளைகளை எடுக்கும் ஆண்கள் பாடசாலைகளுக்குப் போவார்கள், கிங்ஸ்டனில் ரிஃபின் ஆண்கள் பாடசாலை அப்படித்தான். மிஞ்சியவர்களும் ஐந்து வருடம் ஒன்றாக இருந்த சலிப்பில் புது முகத்தைத் தேடுவார்கள். ஏ லெவல் வகுப்புகள் சிறியவை, ஆய்வுகூடத்தில் சோடி சேர்ந்து செய்தே ஆக வேண்டும், கதை தானாக வரும். ஆனாலும் முதல் மூன்று, நாலு கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் கஷ்டமாக இருக்கும், யாரோடு உட்காருவது என்று தெரியாமல் நிற்பாள், அதை மறைக்காமல் சொல்கிறேன். ஏதாவது ஒரு கழகத்தில் செப்டெம்பரிலேயே சேரட்டும், விவாதமோ, மருத்துவக் கழகமோ, பாட்டோ, எதுவும் பரவாயில்லை. கழகத்தில் இருந்தால் கிழமைக்கு ஒரு மதியமாவது எங்கே போவது என்ற கேள்வி இல்லை.

பெண்கள் பாடசாலை என்பதால் என்ன வித்தியாசம்? நல்லது ஒன்றை நான் நேரிலேயே பார்க்கிறேன், பௌதிகவியல் வகுப்பில் கருவியைப் பிடிப்பதும் பெண்தான், குறிப்பெடுப்பதும் பெண்தான், பிழையான விடையைச் சத்தமாகச் சொல்வதும் பெண்தான். பிரித்தானியப் பௌதிகவியல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் ஏ லெவல் பௌதிகவியல் எடுக்கும் வாய்ப்பு, கலப்புப் பாடசாலைப் பெண்களைவிடப் பெண்கள் பாடசாலைப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு என்று இருந்தது. கலப்புப் பாடசாலைகளில் ஏறக்குறையப் பாதியில் ஒரு பெண்பிள்ளைகூட அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. மகளுக்குக் கணக்கிலும் பௌதிகவியலிலும் விருப்பம் இருந்து, கூடப் படிக்க ஆளில்லை என்று தயங்கியிருந்தால், இங்கே அந்தத் தயக்கம் போய்விடும்.

கடினமான பக்கமும் உண்டு. கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடினால் ஒப்பிடுவது நிற்காது. 'நான் ஒன்றுமே படிக்கேல்லை' என்று சொல்லிவிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுப்பவள் ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள், அதைக் கேட்டு உண்மையிலேயே இரவிரவாகப் படித்தவள் தனக்குத்தான் மூளை இல்லை என்று முடிவுகட்டுவாள். எனக்குக் கவலை தரும் பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாமல் வருகிறவர்கள் இல்லை. எல்லாவற்றையும் நேரத்துக்கு, அழகான கையெழுத்தில், தலைப்புக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டு மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் இருக்கிறவர்கள்தான், அவர்களைப் பற்றி எந்த ஆசிரியரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறதா, இரவு இரண்டு மணிக்கு அறையில் வெளிச்சம் தெரிகிறதா, முன்பு விரும்பிச் செய்ததை விட்டுவிட்டாளா, இவற்றை வீட்டில் இருக்கும் உங்களால்தான் பார்க்க முடியும். பார்த்தால் பேரண்ட்ஸ் ஈவ்னிங் வரும்வரைக்கும் காத்திருக்காமல் அவளுடைய பொறுப்பாசிரியருக்கு எழுதுங்கள். மகளிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள், பின்னால் தெரிந்தால் வருத்தப்படுவாள்.

உங்கள் சந்தோசத்துக்குள் ஆண்பிள்ளைகள் இல்லை என்ற நிம்மதியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்து ஆண்கள் பாடசாலையோடு சேர்ந்து விவாதம், நாடகம் எல்லாம் நடக்கும், பஸ் தரிப்பிடம் பொதுவானது, போன் எல்லோரிடமும் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் யாரையாவது பிடிக்கும், அது எந்தப் பாடசாலையிலும் நடக்கும். ஆண்பிள்ளைகளோடு படித்துப் பழகிய உங்கள் மகளுக்கு அது பெரிய விசயமாகவும் இருக்காது. நான் கேட்பது இவ்வளவுதான், ஏதாவது சங்கடம் வந்தால் உங்களிடம் முதலில் வந்து சொல்லக்கூடிய மாதிரி வீட்டில் கதை இருக்கட்டும்.

நாலு பாட விசயம். அப்பாவிடம் சொல்லுங்கள், மருத்துவத்துக்கு மூன்று ஏ லெவல்தான் கேட்கிறார்கள். இடம் தரும்போது ஏஏஏ, அல்லது ஒரு ஏ ஸ்டாரோடு இரண்டு ஏ என்கிற மாதிரித்தான் பெரும்பாலும் வரும், நாலாவதுக்குத் தனி மதிப்பு எதிர்பார்க்க வேண்டாம். இரசாயனவியல் இருக்கட்டும், கூட உயிரியல் இருந்தால் அநேகமாக எல்லாக் கதவும் திறந்திருக்கும், மூன்றாவதை அவளுக்குப் பிடித்ததாக எடுக்கலாம், வரலாறு எடுத்து மருத்துவம் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலாவது பாடம் உண்மையில் பயன்படுவது கணிதம், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு, அவர்களுக்கு ஃபர்தர் மத்ஸ் என்கிற மேலதிக கணிதப் பாடம் கைகொடுக்கும். சில பாடசாலைகள் நாலில் தொடங்கி அரைத்தவணைக்குள் ஒன்றை விட அனுமதிக்கும், எதை எடுப்பது என்று தெரியாத பிள்ளைக்கு அது நல்ல வழி. மருத்துவத்துக்கு நாலாவது பாடத்தின் நேரம் தேவைப்படும் இடங்கள் வேறு: மருத்துவ அனுமதிக்கான யூகாட் சோதனைக்குப் படிப்பது, முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை தொண்டு வேலை, நேர்முகத்துக்குப் பழகுவது. விரும்பினால் ஈபிகியூ செய்யலாம். அவளே தலைப்பைத் தேர்ந்து ஐயாயிரம் சொல்லளவில் எழுதும் ஆய்வு அது, அரை ஏ லெவல் மதிப்பு.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மருத்துவம் அவளுடைய விருப்பமா? கடிதத்தில் அப்பாவின் விருப்பம்தான் தெரிகிறது. யூகாஸில் இந்தத் துறையைத் தேர்ந்ததற்கான காரணத்தை அவளே தன் வார்த்தையில் எழுத வேண்டும், நேர்முகத்தில் அந்நியர் முன்னால் இருந்து சொல்ல வேண்டும். அப்பாவின் காரணத்தை அங்கே அவளால் சொல்ல முடியாது.

சில்லறை விசயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சீருடை அநேகமாக இருக்காது, ஆனால் சில பாடசாலைகள் அலுவலக உடுப்பு மாதிரி வேண்டும் என்பார்கள், விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள், இரண்டு காற்சட்டையும் நாலு மேற்சட்டையும் தாராளம். பஸ்ஸுக்கு பதினாறு வயதுக்கு மேலானவர்களுக்கான ஸிப் ஒயிஸ்ரர் அட்டைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழைய அட்டை தானாக மாறாது. பிள்ளைக்கு அரசு தரும் காசான சைல்ட் பெனிஃபிட் பற்றி வருமானவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கும், பிள்ளை தொடர்ந்து படிக்கிறாள் என்று பதில் சொல்லாவிட்டால் காசு நின்றுவிடும். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வருடம் வேண்டாம், ஜிசிஎஸ்இ பெறுபேறு வந்த கையோடு பதிவுசெய்யும் நாள் வரும், அவள் நேரில் நிற்க வேண்டும். ஒரு பாடத்தில் புள்ளி குறைந்தாலும் அன்றைக்கே பாடசாலையோடு கதைத்தால் வழி பிறக்கலாம், யாழ்ப்பாணத்திலிருந்து போனில் அது கஷ்டம். இப்போதைய பாடசாலையில் உள்ள இடத்தையும் பெறுபேறு வரும்வரைக்கும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக அரங்கேற்றம். அடுத்த வருடம் ஒக்டோபர் என்றால் அவள் பதின்மூன்றாம் ஆண்டில் இருப்பாள். மருத்துவத்துக்கான யூகாஸ் கடைசித் திகதி ஒக்டோபர் 15. அதற்கு முந்திய யூலையிலிருந்து செப்டெம்பருக்குள் யூகாட் எழுத வேண்டும், அதே கோடையில் யூகாஸ் கேள்விகளுக்கு எழுதிப் பழக வேண்டும், அதற்கு முன்னால் நான் சொன்ன பன்னிரண்டாம் ஆண்டுச் சோதனை. அரங்கேற்றத்துக்கு முந்திய ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கிழமைக்கு நாலு நாள் பயிற்சி, பக்கவாத்தியக்காரரோடு ஒத்திகை, சேலை, அழைப்பிதழ், வீடு நிறைய ஆட்கள். வர்ணத்தை மூச்சு வாங்காமல் ஆடப் பழகும் அதே மாதங்களில்தான் எதிர்பார்ப்புத் தரமும் முடிவாகும். இரண்டில் ஒன்று கெடும், அல்லது பிள்ளை கெடும். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, கிழமைக்கு ஒரு வகுப்பு தொடர்ந்து போகட்டும், இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு மூச்சு விடும் இடம் அதுவாகத்தான் இருக்கும். அரங்கேற்றத்தை ஏ லெவல் முடிந்த பிறகு வையுங்கள். யூன் கடைசியில் சோதனை முடிந்துவிடும், யூலை, ஓகஸ்ட் முழுக்கப் பயிற்சிக்குக் கிடைக்கும், ஓகஸ்ட் நடுவில் பெறுபேறு, செப்டெம்பர் நடுவில் மேடை, அதற்குப் பிறகு பல்கலைக்கழகம். மண்டபங்கள் ஒரு வருடத்துக்கு முன்பே போய்விடும், ஆகையால் குருவோடு இப்போதே கதைத்துத் திகதியை மாற்றிக்கொள்ளுங்கள், முன்பணம் கட்டியிருந்தாலும் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் மகளிடம் கேளுங்கள், அரங்கேற்றம் எப்போது வேண்டும் என்று அவள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.